செண்பகராமன் சைக்கிளுக்குக் கொம்பு முளைத்த கதை

பணகுடியைத் தாண்டி, ஹைவே ஓரத்தில் பிச்சம்மாள் டீக்கடை. ஆனி மாதத்தில் அங்கே டீ குடிக்கிறவர்கள் ஒரு கையால் கிளாஸைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் அதன் வாயை மூடிக்கொள்வார்கள். இல்லாவிட்டால் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வருகிற காற்று, டீ மேல் இருக்கிற நுரையை அள்ளிக்கொண்டு போய்விடும். இது புளுகு இல்லை. புளுகு இனிமேல்தான் வருகிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரைக்குச் செண்பகராமன் வந்து இறங்கினார். வள்ளியூரில் டிரைவிங் ஸ்கூல் வைத்திருக்கிறவர். வயது நாற்பத்து நாலு. காரில் இடது பக்க சீட்டில் உட்கார்ந்து, காலடியில் இருக்கிற இன்னொரு பிரேக்கில் பாதத்தை வைத்தபடி, படிக்க வருகிறவர்கள் இருபது கிலோமீட்டர் வேகத்தில் உருட்டுவதைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் பத்தொன்பது வருஷமாக அவர் பிழைப்பு. ஆனால் வேகம் என்றால் அவருக்கு உயிர். அந்த ஆசை வாரத்துக்கு ஒரு நாள் சைக்கிள் மேல் வெளியே வரும். மற்ற ஆறு நாளும் வாய் வழியாக வரும்.

கடையில் பெனிட்டா டீச்சரும் ஐசக்கும் அவருக்காகக் காத்திருந்தார்கள். பெனிட்டா உவரிக்காரி, வள்ளியூரில் கணக்கு டீச்சர். கடலில் ஒன்றரை கிலோமீட்டர் நீந்திவிட்டு, மூச்சு வாங்காமல் வாய்ப்பாடு சொல்லுவாள். ஐசக் காற்றாலை வைத்திருக்கிற காத்தாடிக் கம்பெனியில் டெக்னீசியன். எண்பது மீட்டர் உயரக் காத்தாடியின் உச்சியில் ஏறி ஸ்பேனர் பிடிக்கிறவர், பொழுதுபோக்குக்கு ஓடுகிறவர். அடுத்த ஞாயிறு கன்னியாகுமரியில் டிரையத்லான். மூணு பேர் சேர்ந்து ஒரு அணி. பெனிட்டா நீந்த, ஒருவர் சைக்கிள் மிதிக்க, ஐசக் ஓடி முடிக்க வேண்டும்.

போன வருஷம் அந்த நடு ஆள் செண்பகராமன்தான். அவர் சைக்கிள் வந்து சேர்ந்தபோது, ஐசக் ஓடுகிற வழியில் குடிப்பதற்கு வைத்திருந்த தண்ணி மேஜையையெல்லாம் மடக்கி வேனில் ஏற்றிவிட்டார்கள்.

"அண்ணே, வெளிப்படையாச் சொல்லிருதேன்," என்றாள் பெனிட்டா. "நாரோயில்ல ஒரு காலேஜ் பையன் இருக்கான். நல்லா மிதிக்கான். இன்னைக்கு மத்தியானம் பன்னெண்டு மணிக்குள்ள பேரு குடுக்கணும். உங்க பேரா, அவன் பேரா?"

செண்பகராமன் சைக்கிளை இழுத்துவந்து, எல்லாருக்கும் தெரிகிற மாதிரி புளியமரத்தில் சாய்த்து வைத்தார்.

சைக்கிளுக்குக் கொம்பு முளைத்திருந்தது. ஹேண்டில் பாரின் நடுவில் ரெண்டு கிளாம்ப். அதிலிருந்து முன்னால் நீட்டிக்கொண்டு, நுனியில் மேலே வளைந்த ரெண்டு கருப்புக் குழாய். முழங்கையை ஊன்றிக்கொள்ள ரெண்டு சின்ன மெத்தை.

"ஏ செம்பகம், இது என்னடே? மாட்டுப் பொங்கலுக்கு இன்னும் ஆறு மாசம் கெடக்கே," என்றாள் பிச்சம்மாள், டீயை ஆற்றிக்கொண்டே.

"யக்கா, இதுக்குப் பேரு ஏரோ பார். முழங்கைய இதுல ஊனி, கையக் கூப்பி, தலையக் குனிஞ்சு போனா, காத்து நம்ம நெஞ்சுல முட்டாது. வழுக்கிட்டுப் போயிரும்."

"மாட்டி ஓட்டிப் பாத்தீங்களா?" என்றாள் பெனிட்டா.

இங்கேதான் கதை கிளைவிட்டது. உண்மையைச் சொன்னால் இவ்வளவுதான்: புதன்கிழமை சாயங்காலம் வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து அவரே ஆலன் கீயை வைத்து மாட்டினார். கிளாம்பை இறுக்கினார், மெத்தையின் அகலத்தைத் தோளுக்குச் சரியாக வைத்தார், சீட்டைக் கொஞ்சம் முன்னால் தள்ளினார். சுவரில் சாய்த்து வைத்து ஏறி உட்கார்ந்து, முழங்கையை ஊன்றியும் பார்த்தார். அப்போதுதான் ஒரு விஷயம் உறைத்தது. கை முன்னால் போய்விட்டால் பிரேக் கைக்கு எட்டாது. பத்தொன்பது வருஷமாக பிரேக்கை விட்டுக் காலை எடுக்காத மனுஷன். உடனே இறங்கிவிட்டார். அதற்குப் பிறகு வழக்கத்துக்கு மாறாக மூணு நாள் தொடர்ந்து ஓட்டினார், ஆனால் ஒரு தடவைகூட முழங்கையை அந்த மெத்தையில் வைக்கவில்லை.

இதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தார். வந்தது வேறு.

"ஓட்டிப் பாத்தேனாவா? டீச்சர், முதல் போல்ட்டை இறுக்கினேன் பாருங்க, சைக்கிள் ஒரு சிலிர்ப்பு சிலிர்த்துச்சு. ரெண்டாவது போல்ட்டு இறுக்கும்போது தானா முன்னால நவுந்துட்டு. மூணாவதுக்கு அது வாசலைத் தாண்டிட்டு. நாலாவது போல்ட்டு, நான் தெருவுல ஓடிக்கிட்டேதான் இறுக்கினேன்."

"கேப்பாரு இல்லாமப் போச்சு," என்றார் ஐசக்.

"வே, நீரு நம்பாண்டாம். எங்க தெருவுல வந்து கேளும். அன்னைக்கு ராவு சங்கிலி போட்டுத் தூணுல கட்டி வச்சேன்லா. காலைல பாத்தா சைக்கிள் அங்கனயே நிக்கி. தூணுதான் ஒரு அடி நவுந்திருந்துச்சு."

பிச்சம்மாள் கிளாஸை அவர் கையில் திணித்தாள். "குடி. பேசுனா ஆறிரும்."

"வியாழக்கிழமை காலைல வள்ளியூர்ல ஏறுனேன். குனிஞ்சேன். கண்ணை மூடித் தொறந்தா பணகுடி. ஒம்பது நிமிசம்!"

பெனிட்டா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "பன்னெண்டு கிலோமீட்டர். ஒம்பது நிமிசம்னா மணிக்கு எம்பது."

"பாத்தீங்களா, டீச்சரே கணக்குப் போட்டுச் சொல்லுதாவ! அந்த எம்பதுல போகும்போது பக்கத்துல ஒரு பஸ் போச்சு டீச்சர். நல்ல வேகமாத்தான் போச்சு. நான் தாண்டினதைப் பாத்துட்டு, பஸ் பிரேக்டவுன் ஆகி நின்னு போச்சுன்னு நெனைச்சு நாலு பேரு பெட்டியத் தூக்கிட்டு எறங்கிட்டான்."

"ஓடுற பஸ்ல இருந்தா?"

"எறங்கினப் பொறவுதான அவனுவளுக்கே தெரிஞ்சுது!"

ஐசக் சிரித்துவிட்டார். சிரித்ததும் செண்பகராமனுக்கு உள்ளே ஏதோ கழன்றுகொண்ட மாதிரி இருந்தது. இனி நிறுத்த முடியாது என்று அவருக்கே தெரியும். இறக்கத்தில் விட்ட வண்டி.

"அது ஒண்ணும் பெரிசில்ல. பணகுடி தாண்டி இங்கன ஒரு டீயக் குடிச்சுட்டு, காவல்கிணறு பக்கம் திரும்பினேன். எதுத்தாப்புல காத்து. எப்பிடிக் காத்து? பனைமரம் எல்லாம் குனிஞ்சு செருப்பு மாட்டுத மாதிரி நிக்கி. நான் முழங்கைய ஊனினேன். மூக்கை டயர்கிட்டக் கொண்டு போனேன். காத்து வந்து என் மூக்குல முட்டிச்சு பாருங்க, பொளந்துட்டு! நடுவகிடு எடுத்த மாதிரி ரெண்டா பொளந்து, பாதி மலைப்பக்கம் போச்சு, பாதி கடல்பக்கம் போச்சு. எனக்குப் பின்னால காத்தே கெடையாது. ஒரு தெரு அகலத்துக்கு அமைதி. அந்த அமைதிக்குள்ள யாரு யாரெல்லாம் வந்தான்னு நெனைக்கீங்க? ரெண்டு காக்கா, ஒரு காஞ்ச பனை ஓலை, ஸ்கூட்டர்ல ஒரு பெரிய மனுசன். என்ஜினை அமத்திட்டு வாராரு! அதுக்கும் பின்னால ஒரு கல்யாண வேன்."

"வேனும் என்ஜினை அமத்திட்டா?" என்றாள் பெனிட்டா.

"பொய் சொல்லக் கூடாது டீச்சர். வேன் நியூட்ரல்ல வந்துச்சு."

"சரி வே," என்று ஐசக் நாற்காலியை முன்னால் இழுத்தார். தன் தொழில் பக்கம் கதை வருகிறதே என்று அவருக்கு ஒரு உஷார். "காத்து ரெண்டாப் பொளந்துச்சுன்னு சொல்லுதீரு. அந்தப் பக்கம் முழுக்க எங்க காத்தாடி. அதுக்கு என்ன ஆச்சு?"

செண்பகராமன் இந்தக் கேள்விக்காகவே பிறந்தவர் மாதிரி நிமிர்ந்தார்.

"அதைத்தான் வே சொல்ல வாரேன்! பொளந்த காத்து பின்பக்கமாப் போயி முட்டவும், உங்க காத்தாடி அம்புட்டும் திருப்பிச் சுத்த ஆரம்பிச்சுட்டு."

"திருப்பிச் சுத்தாது. காத்து திரும்பினா தலையே திரும்பிக்கிடும். கம்ப்யூட்டர் இருக்கு, பிரேக் இருக்கு."

"நீரு லீவுல இருந்தீரு. நான் நேர்ல பாத்தவன். வியாழக்கிழமை பத்து மணிக்கு பணகுடில கரண்டு போச்சா, இல்லையா?"

"போச்சு," என்று ஐசக் ஒத்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

"போகல வே! திரும்பிப் போச்சு! காத்தாடி திருப்பிச் சுத்துனா கரண்டும் திருப்பித்தான ஓடும்? வீட்டுக்கு வீடு ஃபேன் எல்லாம் மேல பாத்து ஊதுது. அயர்ன் பாக்ஸை வச்சாச் சட்டை கசங்குது. ஒரு வீட்டுல ஒரு அம்மா மிக்சில சட்னி அரைச்சுக்கிட்டு இருந்தாவ. கரண்டு திரும்பிச்சு பாருங்க, அரைச்ச சட்னி அப்பிடியே திருப்பிச் சுத்தி, தேங்காச் சில்லு தனியா, பச்ச மொளகா தனியா, பொரிகடலை தனியா எழும்பி நிக்கி! இன்னும் ரெண்டு நிமிசம் ஓடிருந்தா தேங்காய்க்குச் செரட்டையும் வந்திருக்கும்."

பிச்சம்மாள் அடுப்பைவிட்டு முழுசாகத் திரும்பினாள். "அன்னைக்கு நான் அம்மில அரைச்சேன்."

"அதனாலதான் யக்கா உங்க சட்னி தப்பிச்சுது!"

பக்கத்து பெஞ்சில் இருந்த லாரிக்காரர்கள் ரெண்டு பேர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு இந்தப் பக்கம் பார்த்தார்கள். பெனிட்டா மட்டும் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். செண்பகராமன் அதைக் கவனித்தார். கவனித்ததும் இன்னும் வேகம் கூட்டினார்.

"இதுல ஒரே ஒரு கஷ்டம் உண்டு டீச்சர். நான் மறைக்க மாட்டேன். கை முன்னால இருக்கும், பிரேக் பக்கவாட்டுல இருக்கும். பிரேக் புடிக்கணும்னா கை அங்கேருந்து இங்க வரணும். ஆரல்வாய்மொழில ஒரு மாடு குறுக்க நின்னுச்சு. சரி, பிரேக் புடிப்போம்னு நெனைச்சேன். நெனைச்சது ஆரல்வாய்மொழில. கை கொம்ப விட்டது தோவாளைல. பிரேக்ல போயிச் சேந்தது நாரோயில்ல."

"மாடு?" என்றார் லாரிக்காரர்களில் ஒருவர்.

"மாடு அங்கனயேதான் நிக்கி. என் வேகத்துல நான் அதைத் தாண்டினது அதுக்கே தெரியாது. ஆனா தோவாளைலதான் மோசம் போனேன். பூ மார்க்கெட். பிச்சிப்பூ கூடை கூடையா வச்சிருக்கான். நான் போன காத்துல அம்புட்டுப் பூவும் எந்திரிச்சு வந்து, ஒண்ணோட ஒண்ணு தானாத் தொடுத்துக்கிட்டு, என் கழுத்துல ஒரு மாலை, ஹேண்டில்ல ஒரு மாலை. நாரோயில்ல போயி நின்னா ஒரு மண்டபத்து வாசல்ல ஆரத்தித் தட்டோட காத்துக்கிட்டு இருக்காவ. மாப்பிள்ள வந்தாச்சுன்னு என்னைய உள்ள கூட்டிட்டுப் போயிட்டாவ!"

"உம்ம வீட்டுல தெரியுமா?" என்றார் ஐசக்.

"தாலி எடுத்துக் குடுக்குத நேரத்துல மாப்பிள்ள வந்துட்டாரு வே. அவருதான் எனக்குப் பின்னால நியூட்ரல்ல வந்த வேன்ல இருந்தவரு."

கடையே சிரித்தது. பெனிட்டாவுக்கும் உதடு துடித்தது. ஆனால் அடக்கிக்கொண்டாள். அவளுக்கு அந்த மனுஷனைப் பிடிக்கும். அதே சமயம் அடுத்த ஞாயிறு கரையேறி ஈரத்தோடு நிற்கும்போது, சைக்கிளில் யார் ஏறப் போகிறார்கள் என்பது அவளுக்குத் தெரிந்தாக வேண்டும்.

"கன்னியாகுமரி வரைக்கும் போனீங்களா அண்ணே?"

"போனேன். ஆனா அங்க ரெண்டு மணி நேரம் சும்மா நிக்க வேண்டியதாப் போச்சு."

"ஏன்?"

"நெழலு வரல டீச்சர். வள்ளியூர்ல கெளம்பும்போது கூடத்தான் கெளம்புச்சு. பாதி வழில விட்டுட்டு. உச்சி வெயில்ல நெழலு இல்லாம நிக்கேன், போற வாறவன்லாம் ஒரு மாதிரிப் பாக்கான். பன்னெண்டே முக்கால் பஸ்ல வந்து எறங்குச்சு. மூச்சு வாங்குது, பாவம்."

"பொறவு?"

"பொறவு திரும்புனேன். போகும்போது எதிர்காத்து. வரும்போது? முதுகுல காத்து! கணவாய்க்குள்ள நொழைஞ்சேன், முழங்கைய ஊனினேன். ஒரு மிதி. ஒரே மிதிதான். கண்ணுக்கு முன்னால இந்தக் கடை. இந்தப் புளியமரம். மணி பாக்கேன். நான் காலைல இங்க டீ குடிச்சுட்டுக் கெளம்புன நேரத்துக்கு இன்னும் ஒரு நிமிசம் இருக்கு! இந்தா, இந்த பெஞ்சுல ஒரு ஆளு குனிஞ்சு ஷூ லேஸ் கட்டிக்கிட்டு இருக்கான். மண்டையப் பாத்தாத் தெரிஞ்ச மண்டையா இருக்கு. நிமிந்தான். யாரு? நான்!"

லாரிக்காரர்கள் ரெண்டு பேரும் அந்த பெஞ்சைத் திரும்பிப் பார்த்தார்கள். ரோட்டில் ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

"நான் அவனைப் பாத்து, 'வே, ஆரல்வாய்மொழில மாடு நிக்கி, இங்கேருந்தே பிரேக்ல கைய வச்சிரும்'னு சொன்னேன். சொல்லிட்டு, டீ குடிச்சேன்."

பெனிட்டா எழுந்தாள். சேலை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"அப்போ வியாழக்கிழமை நீங்க ரெண்டு பேரு. போன ஆளு ஒருத்தரு, வந்த ஆளு ஒருத்தரு."

"ஒரே ஒரு நிமிசத்துக்கு மட்டும் டீச்சர்."

"அந்த வந்த ஆளை எனக்குப் புடிச்சிருக்கு அண்ணே. ஞாயித்துக்கெழமை அவரை அனுப்பிருங்க. நீங்க இங்க இருந்து டீ குடிங்க."

லாரிக்காரர்கள் மேஜையைத் தட்டிச் சிரித்தார்கள். செண்பகராமனும் சிரித்தார், ஆனால் முகம் ஒத்துழைக்கவில்லை. பெனிட்டா அதைப் பார்த்துவிட்டுக் குரலை இறக்கினாள்.

"காவல்கிணறுக்கு ரோடு பிரியுத விலக்கு வரைக்கும் ஏழு கிலோமீட்டர். போயிட்டு வந்தா பதினாலு. இருவத்தெட்டு நிமிசத்துல வந்துட்டா உங்க பேரை எழுதுதேன். நான் ஸ்கூட்டர்ல பின்னால வாரேன். என்ன சொல்லுதீங்க?"

செண்பகராமன் சைக்கிளைப் பார்த்தார். கொம்பைப் பார்த்தார். ஹெல்மெட்டை எடுத்து மாட்டிக்கொண்டார்.

கிளம்பினதும் எதிர்காற்று வந்து மார்பில் கைவைத்துத் தள்ளியது. அது பிளக்கவில்லை. ரெண்டாகவும் போகவில்லை. பழைய பழக்கத்தில் கை ரெண்டும் பிரேக்மேல் இருக்க, அவர் நிமிர்ந்து உட்கார்ந்து மிதித்தார். கடைப் பெயர்ப்பலகை மறையவே ஒரு யுகம் ஆனது மாதிரி இருந்தது. பின்னால் ஸ்கூட்டர் சத்தம் விடாமல் கேட்டது. ரெண்டு கிலோமீட்டர் போனதும் ஒரு கணக்கு அவருக்கே தெரிந்தது. இப்படிப் போனால் நாற்பது நிமிஷம் ஆகும்.

வலது முழங்கையை எடுத்து மெத்தையில் வைத்தார். சைக்கிள் ஆடியது. எடுத்துவிட்டார். மறுபடியும் வைத்தார். பிறகு இடது கை. பிரேக் கைக்கு எட்டாத தூரத்தில் இருந்தது. வலது பாதம் தன்னையறியாமல் காரில் பிரேக்கை அழுத்துகிற மாதிரி பெடலை அழுத்தியது. அழுத்தினதும் சைக்கிள் நிற்கவில்லை. முன்னால் பாய்ந்தது.

மலை இடைவெளியில் பக்கவாட்டுக் காற்று ஒரு அறை அறைந்து அவரை வெள்ளைக்கோட்டுக்குத் தள்ளியது. உடனே கையை ஹேண்டிலுக்குக் கொண்டுபோய் சைக்கிளை நிமிர்த்தினார். காற்று அடங்கினதும் மறுபடி குனிந்தார். விலக்கில் திரும்பும்போது பதினேழு நிமிஷம் ஆகியிருந்தது. பெனிட்டா ஸ்கூட்டரை நிறுத்தி, பதினேழு என்று விரலால் காட்டினாள். முதலில் பத்து விரல், பிறகு ஏழு.

திரும்புகிற வழியில் முதுகில் காற்று. முழங்கை ரெண்டும் மெத்தையில். சங்கிலிச் சத்தத்தைத் தவிர வேறு சத்தமே இல்லை. ரோடு தனக்குக் கீழே ஓடிக்கொண்டிருப்பது மாதிரியும், தான் சும்மா இருப்பது மாதிரியும் இருந்தது. நாற்பத்தைந்து வேகம். அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. பேசுவதற்கு அங்கே ஒன்றும் மிச்சமில்லை.

கடைக்கு ஒரு கிலோமீட்டர் இருக்கும்போது ஒரு ஆட்டுக்கூட்டம் ரோட்டில் இறங்கியது. பெனிட்டா ஹாரனை அழுத்தினாள். செண்பகராமனின் கை கொம்பை விட்டு பிரேக்குக்குப் போனது. எப்போது போனது என்று அவருக்கே தெரியாது. அழுத்தினார், வேகம் இறங்கியது, ரெண்டு ஆட்டுக்கு நடுவே ஒரு ஆள் அகலத்துக்குச் சந்து இருந்தது, நுழைந்து வெளியே வந்தார். முழங்கையை மறுபடி ஊன்றினார்.

புளியமரத்தடியில் வந்து இறங்கினபோது, பின்னாலேயே வந்த பெனிட்டா கடிகாரத்தை ஐசக்கின் முகத்துக்கு நேராக நீட்டினாள். இருபத்தேழு நிமிஷம், நாற்பது நொடி. பிறகு போனை எடுத்து, டிரையத்லான் நடத்துகிறவர்களுக்கு ஒரு பெயரை எழுத்துக்கூட்டிச் சொல்ல ஆரம்பித்தாள். "செண்பகராமன். ஆமா, மூணு சுழி ண்."

செண்பகராமன் பெஞ்சில் உட்கார்ந்தார். ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்தார். ஐசக் ஆவலோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். லாரிக்காரர்கள்கூட லாரியில் ஏறாமல் நின்றார்கள்.

"என்ன வே ஆச்சு? சொல்லும்."

"ஒண்ணும் இல்ல," என்றார் செண்பகராமன். "போனேன். காத்து அடிச்சுது. வரும்போது ஆடு வந்துச்சு, பிரேக் புடிச்சேன். வந்துட்டேன்."

பிச்சம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். டீயை அவர் முன்னால் வைத்துவிட்டு, பெனிட்டா பக்கம் திரும்பினாள்.

"டீச்சர், நீங்க கூடத்தான போனீங்க? நடந்தது என்னன்னு நீங்களாவது சொல்லுங்க. இவன் புளுகுதான்."